விசிறியா, சோறா?

2022-ம் வருடக் குளிர்காலத்தில் பிரிட்டனில் தொழிலாளர் வீடுகளில் ஒரே கேள்விதான் கேட்டது: கணப்பா, சாப்பாடா? ஒரு சாதாரணக் குடும்பம் வருடத்துக்குச் செலுத்தும் காஸ், கரண்டுக் கட்டணம் அந்த ஏப்ரலில் 1,277 பவுனிலிருந்து 1,971 பவுனுக்கு ஏறியது. அக்டோபரில் அது 3,549 பவுன் ஆகும் என்று அறிவித்தார்கள். ஜனங்களின் கொதிப்பைக் கண்டு சர்க்கார் அதை 2,500 பவுனில் நிறுத்த வேண்டியதாயிற்று. வீட்டுக்குள்ளேயே கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரே ஒரு அறையை மட்டும் சூடாக்கிக்கொண்டு மற்ற அறைகளைப் பூட்டினார்கள். வயதானவர்கள் பகல் பொழுதைப் பொது நூலகங்களிலும் மாதா கோயில்களிலும் கழித்தார்கள். அதே வருடத்தில் ஷெல் எண்ணெய்க் கம்பெனி மட்டும் ஏறக்குறைய 4,000 கோடி டாலர் லாபம் சம்பாதித்தது. அந்தக் கம்பெனியின் சரித்திரத்தில் அதுவரை காணாத லாபம் அது.

அது சீமைக் கதை, மதுரைக்காரனுக்குக் கணப்பு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். கணப்பு வேண்டாம்தான். ஆனால் கேள்வி நம் வீட்டு வாசலிலும் நிற்கிறது. அங்கே குளிர், இங்கே வெக்கை. அங்கே கணப்பா சாப்பாடா என்றால், இங்கே விசிறியா சோறா என்று கேட்க வேண்டியிருக்கிறது. ரேஷன் கடையில் அரிசி சும்மா கிடைக்கலாம். பருப்பும் எண்ணெயும் காய்கறியும் காசு போட்டுத்தான் வாங்க வேண்டும். கரண்டு பில் வரும் மாதத்தில் முதலில் குறைவது அவைதாம். இது நம் தாய்மார்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வீடா, அடுப்பா?

சித்திரை, வைகாசியில் மதுரையில் வெயில் 104 டிகிரியைத் தொடுவதும் தாண்டுவதும் சகஜமாகிவிட்டது. இது நிழலில் வைத்த கருவி காட்டும் கணக்கு. தகர ஷீட்டுக்கும் சிமெண்டு ஷீட்டுக்கும் அடியில் இருக்கிறவன் கணக்கு வேறு. மெல்லிய ஷீட் பத்து மணிக்கே பழுக்கக் காய்ந்து, வாங்கிய சூட்டையெல்லாம் கீழே இருப்பவர் தலையில் இறக்குகிறது. ஓலைக் கூரை குளிர்ச்சிதான். ஆனால் ஒரு தீப்பொறி போதும், தெருவே சாம்பல். ஆகவே ஜனங்கள் கடன் வாங்கி ஷீட்டுக்கு மாறினார்கள். தீக்குத் தப்பினோம், வெக்கையில் விழுந்தோம் என்ற கதையாயிற்று. காங்கிரீட் வீடு கிடைத்தவர்களுக்கும் முழு விமோசனம் இல்லை. பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம் இரவில் கக்குகிறது. நடுநிசி வரை சுவரைத் தொட்டால் சுடுகிறது.

வெக்கை எல்லோருக்கும் ஒன்றாக விழுவதில்லை. மூன்றாம் ஷிப்டு முடிந்து காலையில் வீடு திரும்பும் மில் தொழிலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் விழித்திருக்கும்போது அவர் தூங்கியாக வேண்டும். அவர் கண்ணயரும் நேரமும் ஷீட் காயும் நேரமும் ஒன்று. அரைத் தூக்கத்தோடு மறுபடி இரவு மெஷினுக்கு முன்னால் நிற்கிறார். கை தவறினால் ‘கவனக்குறைவு’ என்று மெமோ. அவர் எந்தக் கூரைக்கு அடியில் படுத்திருந்தார் என்று எந்த மானேஜரும் கேட்பதில்லை.

மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து விவசாயத் தொழிலாளி பகலில் வயலில் வேகிறார், இரவில் குடிசையில் வேகிறார். ஆம்பிளைகள் பாயை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரைக்கோ மந்தைக்கோ போய்ப் படுக்கலாம். பெண்களுக்கும் குமரிப் பிள்ளைகளுக்கும் அது ஏது? கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேதான் கிடக்க வேண்டும். அடுப்பின் அனலும் கூரையின் அனலும் சேர்ந்து அவர்களைத்தான் வாட்டுகிறது.

இதில் உயிர் அடங்கியிருக்கிறது. 2003-ம் வருடக் கோடையில் பிரான்ஸ் தேசத்தில் சுமார் 15,000 பேர் வெயிலால் மாண்டார்கள். பெரும்பாலோர் வயோதிகர்கள். பாரிஸ் நகரில் மொட்டை மாடிக் கூரைக்கு நேர் கீழே இருந்த சிற்றறைகளில் குடியிருந்த ஏழைகள் அதிகமாகப் பலியானார்கள். 2010 மே மாதத்தில் ஆமதாபாத் நகரில் வழக்கத்துக்கு மேல் 1,344 பேர் செத்தார்கள். நம் தமிழ்நாட்டிலேயே சென்னை ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்வி நிறுவனத்தார் 800 கர்ப்பிணிப் பெண்களைக் கவனித்து ஆராய்ந்தார்கள். கடும் வெக்கையில் வேலை செய்கிற பெண்ணுக்குக் கருச்சிதைவும், குழந்தை செத்துப் பிறப்பதும் நேரும் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பு என்று 2024-ல் அவர்களின் ஆராய்ச்சி வெளியாயிற்று. நாற்று நடுகிற, களை எடுக்கிற, செங்கல் சுமக்கிற நம் சகோதரிகளின் வயிற்றுப் பிள்ளைகளைப் பற்றிய சேதி இது.

நூலுக்கு உள்ள மரியாதை

“வெயில் ஆண்டவன் கொடுத்தது, பணக்காரனுக்கும் அதே வெயில்தானே?” என்று சிலர் நியாயம் பேசுவார்கள். வாஸ்தவமா? பணக்காரன் வீட்டில் ஏ.சி. ஓடுகிறது. உள்ளே இருக்கும் சூட்டை அது தெருவில் கொட்டுகிறது. அந்தத் தெருவில்தான் தள்ளுவண்டிக்காரர் நிற்கிறார்.

பஞ்சாலைக்குள் போய்ப் பாருங்கள். காற்று வறண்டால் நூல் அறுந்துவிடும். ஆகவே ஈரக்காற்று செலுத்த யந்திரம் வைத்திருக்கிறார்கள். ஈரம் இத்தனை இருக்க வேண்டும், சூடு இத்தனைக்கு மேல் போகக் கூடாது என்று அளந்து பார்க்க ஆள் போட்டிருக்கிறார்கள். நூலுக்கு நோகக் கூடாது! அந்த நூலை நூற்கிறவன் வீட்டில் குழந்தை வேர்க்குருவால் துடித்தால் அளந்து பார்க்க யாரும் இல்லை.

1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 13-வது பிரிவு, தொழிற்சாலையின் சுவரும் கூரையும் சூட்டைக் கூடியமட்டும் குறைக்கும் விதத்தில் அமைய வேண்டும் என்று முதலாளிக்குக் கடமை விதித்தது. அதைக்கூட எத்தனை முதலாளிகள் மதித்தார்கள் என்பது தொழிலாளிக்குத் தெரியும். 2025 நவம்பர் 21-ல் அந்தச் சட்டம் போய், அதன் இடத்தில் மத்திய சர்க்காரின் புதிய தொகுப்புச் சட்டம் வந்தது. சட்டத்தின் பெயர் மாறியதைச் சாக்காக வைத்துத் தொழிலாளியின் காற்றையும் தண்ணீரையும் பறிக்க எந்த நிர்வாகத்தையும் விடக் கூடாது. அது ஒருபுறம் இருக்க, ஆலைக் கூரையைப் பற்றியாவது சட்டம் பேசிற்று. தொழிலாளியின் வீட்டுக் கூரையைப் பற்றிப் பேசவே இல்லை.

ஒரு விசிறியின் கணக்கு

இனி கணக்குக்கு வருவோம். 2016 மே மாதத்திலிருந்து தமிழகத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றாயிற்று. நல்லதுதான், வரவேற்கிறோம். ஆனால் சாதாரணக் கூரை விசிறி ஒன்று 75 வாட் எடுக்கும். இரவும் பகலும் சுற்றினால் நாளைக்கு 1.8 யூனிட். அறுபது நாளைக்கு 108 யூனிட். ஆக, கோடையில் ஒரே ஒரு விசிறி இலவசம் முழுவதையும் தின்று மேலும் எட்டு யூனிட் கேட்கிறது. விளக்கு இல்லை, டி.வி. இல்லை, மிக்ஸி இல்லை, பிள்ளை படிக்க வெளிச்சம் இல்லை. வெறும் ஒரு விசிறிக்கே இந்தக் கதி!

2011-ல் சர்க்கார் வீட்டுக்கு வீடு இலவச மின்விசிறி கொடுத்தது. விசிறி வந்தது, அதைச் சுற்ற வைக்கும் கரண்டின் விலை 2022 செப்டம்பரில் ஏறியது, 2024 ஜூலையில் மறுபடி ஏறியது.

சொந்த மீட்டர் உள்ளவர் பாடு இது. வளவு வீட்டில் வாடகைக்கு இருப்பவர் பாட்டைக் கேளுங்கள். ஒரு வளவில் ஐந்து குடும்பம், ஐந்துக்கும் ஒரே மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு 140 யூனிட். தனித்தனி மீட்டர் இருந்தால் ஒவ்வொருவருக்கும் 100 யூனிட் இலவசம் போக மிச்சம் 40 யூனிட். 2022 செப்டம்பரில் போட்ட விகிதப்படி யூனிட் இரண்டேகால் ரூபாய், ஆகத் தொண்ணூறு ரூபாய். ஐந்து வீட்டுக்கும் சேர்த்து 450 ரூபாய்.

ஒரே மீட்டரானால் என்ன ஆகிறது? மொத்தம் 700 யூனிட். இலவசம் ஒரே ஒரு நூறுதான். 500-ஐத் தாண்டியதால் இரண்டேகால் ரூபாய்ச் சலுகையும் போய்விடுகிறது. அடுத்த 300 யூனிட்டுக்கு நாலரை ரூபாய் வீதம் 1,350. அதற்கு மேல் 100-க்கு ஆறு ரூபாய் வீதம் 600. அடுத்த 100-க்கு எட்டு ரூபாய் வீதம் 800. கடைசி 100-க்கு ஒன்பது ரூபாய் வீதம் 900. ஆக மொத்தம் 3,650 ரூபாய்! குடும்பத்துக்கு 730 ரூபாய். தொண்ணூறு ரூபாய் கட்ட வேண்டிய தொழிலாளி, அதே விசிறி, அதே விளக்குக்கு, எட்டு மடங்கு கட்டுகிறார். இதற்கு மேல் வீட்டுக்காரர் தம் இஷ்டப்படி யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வசூலித்தால் 1,120 ரூபாய். ஏ.சி. வைத்த பங்களாவுக்குப் போட்ட உயர்ந்த விகிதம், விசிறி மட்டும் வைத்த ஐந்து ஏழைக் குடும்பங்களின் தலையில் விழுகிறது. ஏழைக்கென்று சர்க்கார் கொடுத்த இலவசம், ஏழை வீட்டு மீட்டரை எட்டுவதற்கு முன்பே காணாமல் போகிறது.

இதற்குச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 2003-ம் வருட மின்சாரச் சட்டத்தின் 43-வது பிரிவு, வீட்டின் சொந்தக்காரரோ அதில் குடியிருப்பவரோ விண்ணப்பித்தால் ஒரு மாதத்துக்குள் இணைப்புக் கொடுப்பது விநியோகஸ்தரின் கடமை என்று சொல்கிறது. ‘குடியிருப்பவர்’ என்ற சொல்லைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். வாடகைக்காரருக்கும் கேட்கும் உரிமை உண்டு. கரண்டு ஆபீசில் வீட்டுக்காரர் கையெழுத்தைக் கொண்டுவா என்று திருப்பி அனுப்புவார்கள். கையெழுத்துக் கேட்டால் வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய் என்பார். தனி ஆளாகப் போனால் இதுதான் நடக்கும். வளவு முழுதும் சேர்ந்து போனால் நடப்பதே வேறு.

கரண்டு விலை ஏன் ஏறுகிறது?

“வாரியம் நஷ்டத்தில் ஓடுகிறது, ஜனங்கள் சுமக்கத்தான் வேண்டும்” என்கிறார்கள். 2022-ல் கட்டணத்தை உயர்த்தியபோது வாரியத்தின் கடன் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று கணக்குச் சொன்னார்கள். அந்தக் கடன் நம் ஒற்றை விசிறியாலா ஏறியது?

மதுரைக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. சமயநல்லூரில் 2001-ல் தனியார் மின் நிலையம் ஒன்று வந்தது. 106 மெகாவாட், எரிபொருள் உலை எண்ணெய். பெரியாற்றுத் தண்ணீரில் எடுக்கும் மின்சாரம் எங்கே, எண்ணெயை எரித்து எடுக்கும் மின்சாரம் எங்கே? எண்ணெய் விலை ஏறினால் கரண்டு விலை ஏறும், வாரியம் வாங்கியாக வேண்டும் என்ற நிலை அன்று இருந்தது. இன்னொரு உதாரணம் கமுதி. அங்கே அதானி குழுமம் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்தது. யூனிட் 7 ரூபாய் 1 பைசாவுக்கு வாங்கிக்கொள்வதாக 2015-ல் தமிழகம் ஒப்பந்தம் போட்டது. இரண்டே வருடத்தில், 2017 மே மாதம், ராஜஸ்தானில் சூரிய மின்சாரம் யூனிட் 2 ரூபாய் 44 பைசாவுக்கு ஏலம் போயிற்று. நம் கூரையைச் சுடும் அதே சூரியன்தான் முதலாளிக்கு யூனிட்டுக்கு ஏழு ரூபாய் கொடுக்கிறான்!

2024-ல் மத்திய சர்க்கார் வீட்டுக் கூரையில் சூரியத் தகடு வைத்தால் 78,000 ரூபாய் வரை மானியம் என்று ஒரு திட்டம் அறிவித்தது. யாருக்கு? சொந்த வீடும் உறுதியான தளமும் உள்ளவருக்கு. ஷீட்டின் மேல் தகடு நிற்காது, வாடகைக்காரருக்குக் கூரையே சொந்தமில்லை. வெயில் யார் தலையில் அதிகமாக விழுகிறதோ, அவரை விட்டுவிட்டுத் திட்டம் மேலே போய்விடுகிறது.

இன்னும் ஒரு ஆபத்து காத்திருக்கிறது. மத்திய சர்க்கார் 2023-ல் கொண்டுவந்த விதி, நேரத்துக்கு ஒரு விலை வைக்கச் சொல்கிறது. வெயில் காயும் பகலில் விலை குறைவு, ஜனங்கள் அதிகமாக உபயோகிக்கும் நேரத்தில் விலை அதிகம். இதற்கென்றுதான் புது மீட்டர். வேலைக்குப் போனவர் வீடு திரும்பி விசிறி போடும் நேரம் எது? பொழுது சாய்ந்த பிறகுதான். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு மலிவுக் கரண்டு, ஆள் இருக்கும் வீட்டுக்குக் கிராக்கிக் கரண்டா? இதை வீடுகளின் பக்கமே வர விடக் கூடாது.

இன்று இரவே செய்யக்கூடியவை

கோரிக்கை வெற்றி பெறும் வரை பிள்ளைகளை வேகவிட முடியாது. நாமே செய்துகொள்ளக் கூடியவை சில உண்டு. ஷீட்டின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பை இரண்டு பூச்சுப் பூசினால் வெயிலில் கணிசமான பகுதி திரும்பிப் போய்விடும். வீட்டுக்குள் சூடு இரண்டு டிகிரியாவது குறையும். மழை கழுவிவிடும், வருடா வருடம் பங்குனியில் பூச வேண்டும். ஷீட்டுக்குக் கீழே ஒரு முழ இடைவெளி விட்டு ஓலைத் தட்டியோ சாக்குப் படுதாவோ கட்டலாம். அடுப்பு அருகே மட்டும் கட்ட வேண்டாம். தண்ணீர் வசதி உள்ள கிராமத்தில் சுரையும் பீர்க்கும் கூரையில் ஏற்றலாம், நிழலும் ஆச்சு, குழம்பும் ஆச்சு. பகலில் வெயில் படும் ஜன்னலைச் சாத்தி, பொழுது சாய்ந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும்.

விசிறி பழுதானால் மாற்றும்போது, வாட் குறைந்த புது ரக விசிறி கிடைக்கிறதா என்று பாருங்கள். சுமார் 30 வாட் எடுக்கும் விசிறி அறுபது நாளும் இடைவிடாமல் சுற்றினாலும் 43 யூனிட்தான். விலை கூடுதல், ஆகவே இதை வாரியமே தவணையில் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறோம். வீட்டுக்குள் சூடு 104 டிகிரியைத் தாண்டிவிட்டால் வெறும் விசிறிக் காற்று உடம்பைக் குளிர்விக்காது, அனலைத்தான் வீசும். அப்போது ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்ள வேண்டும். நீராகாரம், மோர், கம்பங்கூழ் எல்லாம் உப்புப் போட்டுக் குடிக்க வேண்டும். வேலைத்தலத்தில் ஒருவர் வெயிலில் மயங்கி, பேச்சுக் குழறினால், அல்லது உடம்பு நெருப்பாய்க் கொதித்தால், தாமதிக்காமல் நிழலுக்குத் தூக்கிப் போய்த் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். 108-க்குச் சொல்லுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

நாம் கேட்பது என்ன?

ஆனால் சுண்ணாம்பும் சாக்கும் சர்க்காரின் கடமையைத் தீர்த்துவிடாது. 2024 அக்டோபரில் தமிழக சர்க்கார் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்து, வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்ச ரூபாய் என்று உத்தரவிட்டது. செத்த பிறகு நான்கு லட்சம் கொடுக்க ஒப்புக்கொண்டவர்கள், உயிரோடு இருக்கும்போது விசிறி சுற்றக் கரண்டு கொடுக்கத் தயங்குவானேன்? ஆகவே நாம் கேட்கிறோம்:

தனி அடுப்பு வைத்து வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், வாடகைக்காரர் உட்பட, தனி மீட்டர் வேண்டும். தனி மீட்டர் வரும் வரை, பொது மீட்டர் உள்ள வளவுகளில் குடும்பத்துக்கு நூறு யூனிட் வீதம் கழித்துக் கணக்குப் போட வேண்டும்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை கோடை மாதங்களுக்கு இலவச யூனிட்டை உயர்த்த வேண்டும். அந்த மாதங்களில் பாக்கிக்காக எந்த ஏழை வீட்டிலும் பீசைப் பிடுங்கக் கூடாது.

மாநகராட்சியும் ஊராட்சிகளும் ஷீட் வீடுகளுக்குத் தம் செலவில் வெள்ளைப் பூச்சு அடித்துக் கொடுக்க வேண்டும். தெலங்கானா 2023-ல் குளிர்க்கூரைக்கென்றே தனிக் கொள்கை வகுத்தது. மதுரை வெயில் ஐதராபாத் வெயிலுக்கு இளைத்ததல்ல. சர்க்கார் கட்டித் தரும் புது வீடுகளின் தளத்துக்கும் சூடு தாங்கும் ஏற்பாடு வேண்டும்.

பகலில் முதியோரும் கர்ப்பிணிகளும் ஷிப்டு முடித்தவர்களும் இளைப்பாற, வார்டுதோறும் சமுதாயக் கூடத்தை விசிறியும் குடிதண்ணீருமாகத் திறந்துவைக்க வேண்டும்.

விவசாய வேலை கோடையில் விடியலில் தொடங்கிப் பதினோரு மணிக்கு முடிய வேண்டும். அதற்காகக் கூலியில் ஒரு பைசா குறையக் கூடாது. 1995-லேயே வெக்கையால் இந்தியாவின் வேலை நேரத்தில் நூற்றுக்கு 4.3 பங்கு வீணானது, 2030-ல் அது 5.8 பங்காகும் என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2019-ல் கணக்கிட்டது. அந்த இழப்பைக் கூலிக்காரன் வயிற்றிலிருந்து கழிக்க அனுமதியோம்.

இவற்றை யாரும் தட்டில் வைத்துத் தரப்போவதில்லை. முதல் வேலை கணக்கு. ஒவ்வொரு வளவிலும், ஒவ்வொரு காலனியிலும், ஒவ்வொரு சேரியிலும் தோழர்கள் கரண்டு பில்லைச் சேகரியுங்கள். எத்தனை குடும்பம், எத்தனை மீட்டர், எத்தனை யூனிட், எவ்வளவு ரூபாய், கூரை என்ன என்று நோட்டில் எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். மாதர்களை முன்னால் நிறுத்துங்கள், வீட்டு வெக்கையை அவர்களைவிட அறிந்தவர் இல்லை. அந்த நோட்டோடு வளவு வளவாகக் கரண்டு ஆபீசுக்குப் போய் 43-வது பிரிவின்படி விண்ணப்பம் கொடுங்கள், ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். மில் வாசல் கூட்டத்தில் அந்தக் கணக்கைப் படியுங்கள். கலெக்டரிடம் மகஜர் கொடுக்கும் நாளில் மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் ஒரே வரிசையில் நிற்கட்டும்.

வெயிலை நிறுத்த நம்மால் ஆகாது. ஒரு வளவின் ஐந்து விசிறிகளுக்குப் பங்களா விலை போடும் அநியாயத்தை நிறுத்த நம்மால் ஆகும். அடுத்த பங்குனி பிறப்பதற்குள் அதைச் செய்து முடிப்போம்!